இருவர் இறந்த ரயிலுக்கு ஆயுள், யாரும் இறக்காத ரயிலுக்குத் தூக்கு: ஓம் ஷின்ரிக்கியோ தீர்ப்புகள்

நொய்யல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானிய மதக் குழுவின் ஆட்கள் ஐந்து பேர் ஐந்து ரயில்களில் ஏறினார்கள். சாரின் என்ற நரம்பு நச்சுத் திரவம் நிரப்பிய பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். வழக்கின் கணக்குப்படி இறந்தவர்கள் 12 பேர்.

ரயில்வாரியாகப் பார்த்தால், யசுவோ ஹயாஷி போன ரயிலில் 8 பேர். தோரு தொயோதா ரயிலில் 1, கெனிச்சி ஹிரோசே ரயிலில் 1. இகுவோ ஹயாஷி என்ற இதய அறுவை மருத்துவர் ஏறிய சியோதா தடத்தில் 2. மசாதோ யோகோயாமா ஏறிய ரயிலில் யாரும் இறக்கவில்லை.

இப்போது தண்டனையைப் பாருங்கள். நான்கு பேருக்குத் தூக்கு, அதில் யோகோயாமாவும் உண்டு. ஒரே ஒருவருக்கு ஆயுள். அவர் டாக்டர் ஹயாஷி. அவர் பையால் செத்தது இரண்டு பேர். யோகோயாமா பையால் ஒருவரும் சாகவில்லை. 2018 ஜூலை 26 அன்று யோகோயாமாவைத் தூக்கிலிட்டார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும், இல்லையென்றால் போகும் என்பதுதான் இதன் பொருளா? அப்படியென்றால் தண்டனை எதற்குக் கொடுக்கப்படுகிறது, செய்ததற்கா, சொல்லாமல் விட்டதற்கா?

---

பாலாறு எழுதியது:

எனக்கு இதில் குழப்பமே இல்லை. அந்த டாக்டரையும் சேர்த்துத் தூக்கிலிட்டிருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றப் படித்தவன் விஷம் வைத்தான். படிக்காதவன் செய்ததைவிட இது பெரிய குற்றம்.

இன்னொன்று. 1995-இல் நடந்த குற்றத்துக்கு 2018-இல் தண்டனை. 23 வருடம் மேல்முறையீடு, மறுவிசாரணை மனு என்று இழுத்தார்கள். செத்தவர்களின் பெற்றோரில் எத்தனை பேர் தீர்ப்பைப் பார்க்காமலே போயிருப்பார்கள்? சாமியார் வழக்கு என்றாலே எல்லா நாட்டிலும் இதே கதைதான்.

---

வைகைக்கரை எழுதியது:

நொய்யல், நல்ல கேள்வி. ஆனால் பையை எண்ணியது தவறான இடத்தில் தொடங்கியதாகப் படுகிறது. 22 வருடமாகக் கீழமை நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஐந்து பேரும் ஒரே சதியில் சேர்ந்தவர்கள். நம் ஊரில் 'பொதுவான உள்நோக்கம்' என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 34-ஆம் பிரிவில் சொன்னதைப் போன்ற கோட்பாடு ஜப்பானிலும் உண்டு. அதன்படி யோகோயாமா தன் ரயிலுக்கு மட்டும் பொறுப்பாளி அல்ல, 12 உயிருக்கும் பொறுப்பாளி. அதேபோல டாக்டர் ஹயாஷியும் 12 உயிருக்கும் பொறுப்பாளிதான். "2-க்கு ஆயுள், 0-க்குத் தூக்கு" என்பது கணக்கு அல்ல. இருவருக்கும் 12. அந்த இடத்தில் இருவரும் சமம்.

அப்புறம் எங்கே பிரிந்தார்கள் என்றால், கைதான பிறகு. ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, குற்றம் இன்னாருடையது என்று காவல்துறை கண்டுபிடிக்கும் முன் தானாக வந்து சொன்னவருக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்கிறது. குறைக்க வேண்டும் என்று இல்லை, குறைக்கலாம். அந்த 'லாம்'-இல்தான் ஒரு உயிர் தொங்கியது.

---

கவாசாகிவாசி எழுதியது:

நான் 14 வருடமாக இங்கே ஜப்பானில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் கசுமிகசேகி நிலையத்தில்தான் ரயில் மாறுவேன். ஒவ்வொரு மார்ச் 20-ஆம் தேதியும் காலை 8 மணிக்கு நிலைய ஊழியர்கள் வரிசையாக நின்று தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்துவார்கள். டாக்டர் ஹயாஷியின் பையால் இறந்த இருவரும் அந்த நிலையத்தில் பணியில் இருந்த மெட்ரோ ஊழியர்கள்.

அவர் எப்படிப் பிடிபட்டார் என்பது இங்கே பலருக்கும் தெரிந்த கதை. 1995 ஏப்ரலில் இஷிகாவா மாவட்டத்தில் அவரைப் பிடித்தார்கள், சாரினுக்காக அல்ல. யாருடையதோ ஒரு சைக்கிளை வைத்திருந்தார் என்ற சின்ன வழக்கு. அவர் ரயிலில் விஷம் வைத்தவர் என்று காவல்துறைக்கு அப்போது தெரியாது. விசாரித்தவர்கள் அவரை மிரட்டவில்லை, மருத்துவர் என்ற மரியாதையோடு பேசியிருக்கிறார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் தானாகவே, சுரங்க ரயிலில் சாரின் தெளித்தது நான்தான் என்று சொன்னார். கேட்டவர்களால் முதலில் நம்பவே முடியவில்லை.

அங்கிருந்துதான் முழு முடிச்சும் அவிழ்ந்தது. யார் எந்த ரயிலில், யார் கார் ஓட்டினார்கள், யார் உத்தரவு என்று எல்லாம் வந்தது. மே 16 அன்று அமைப்பின் தலைவர் ஷோகோ அசஹாராவைக் கைது செய்தார்கள். நீதிமன்றத்திலும் ஹயாஷி எதையும் மறைக்கவில்லை. கடைசியில் அரசுத் தரப்பே அவருக்குத் தூக்கு கேட்கவில்லை, ஆயுள்தான் கேட்டது. 1998 மே 26 அன்று தீர்ப்பு. அவர் மேல்முறையீடு செய்யவில்லை.

ஆனால் நொய்யல், நீங்கள் யோகோயாமாவோடு ஒப்பிட்டதைவிட ஒகசாகியோடு ஒப்பிட்டால் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

1989 நவம்பர் 4 அன்று யோகோஹாமாவில், ஓம் அமைப்பை எதிர்த்து வழக்காடிய வழக்குரைஞர் சகாமோதோவை, அவருடைய மனைவி, ஒரு வயதுப் பிள்ளையோடு வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். கொன்ற ஆறு பேரில் கசுவாகி ஒகசாகி ஒருவர். 1990-இல் அமைப்பைவிட்டு ஓடிவந்த அவர், குழந்தையைப் புதைத்த இடத்துக்கு வரைபடம் போட்டுப் பெயர் இல்லாமல் அனுப்பினார். போலீஸ் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிட்டது. 1995-இல் தானாக வந்து முழுவதையும் ஒப்புக்கொண்டார். அவரும் தானாகச் சரணடைந்தவர்தான் என்பதை நீதிமன்றமும் ஏற்றது. இருந்தும் 1998 அக்டோபர் 23 அன்று அவருக்குத் தூக்கு. ஓம் வழக்குகளில் முதல் தூக்குத் தண்டனை அதுதான். 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

---

நொய்யல் எழுதியது:

கவாசாகி அண்ணா, இதைப் படித்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இருவரும் தானாக வந்து சொன்னவர்கள். ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்குக் கயிறு. அதுவும் ஒரே வருடத்தில், ஐந்து மாத இடைவெளியில். என்ன காரணம் சொன்னார்கள்?

---

கவாசாகிவாசி எழுதியது:

நோக்கம். ஒகசாகி ஒப்புக்கொண்டது மனம் வருந்தி அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று நீதிமன்றம் பார்த்தது. 1990-இல் வரைபடம் அனுப்பியவர் அதே சமயத்தில் அசஹாராவிடம் பேரம் பேசிப் பணமும் வாங்கியிருக்கிறார். வாயை மூடிக்கொள்ளக் கிடைத்த பணம் அது. அதன் பிறகு ஐந்து வருடம் ஒன்றும் பேசவில்லை. அந்த ஐந்து வருடத்தில்தான் 1994 ஜூன் மாத்சுமோதோ நகர சாரின் தாக்குதலும், சுரங்க ரயில் தாக்குதலும் நடந்தன.

எனக்கு இந்த இடத்தில்தான் தீர்ப்பு நியாயம் என்று தோன்றுகிறது. 1990-லேயே அவர் தன் பெயரோடு போய் நின்றிருந்தால் அமைப்பு அப்போதே முடங்கியிருக்கலாம். ஒப்புதலின் மதிப்பு அதன் வார்த்தையில் மட்டும் இல்லை, எப்போது வந்தது என்பதிலும் இருக்கிறது.

---

தேன்மொழி_க எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, இளம் வயதில் கணவரை இழந்தவர். ஒரு ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்து 11 வருடம் இருந்தார். ஊரும் பெயரும் சொல்லவில்லை. அங்கே சமையல்கட்டு முழுக்க அவர் பொறுப்பு. அந்த வருடங்களில் அங்கிருந்த ஒரு பையன் இறந்துபோனான். உடம்புக்கு முடியாமல் போனான் என்று சொல்லி இரவோடு இரவாக எரித்துவிட்டார்கள். பிறகு போலீஸ் வந்து எல்லோரையும் விசாரித்தது. அத்தை "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

அத்தைக்குத் தெரியும். இதை எங்களிடம் சொல்லவே அவருக்கு 20 வருடத்துக்கு மேல் ஆனது.

ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பயம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "சாமி செய்தது தப்பு என்று வாயால் சொன்னால், நான் 11 வருடம் செய்தது என்ன?" என்றார்.

பாலாறு அண்ணா கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாதிரி இடங்களில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வது சாதாரணத் திருடன் ஒப்புக்கொள்வது போல் இல்லை. திருடன் செயலை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். இவர்கள் தங்கள் வாழ்க்கையையே தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டாக்டர் சொன்னார் என்றால், ஒகசாகியோ வேறு யாரோ சொன்னார்கள் என்றால், அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் உள்ளே என்ன இடிந்து விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

தேன்மொழி, எழுதியதற்கு நன்றி. உங்கள் அத்தை விஷயத்துக்குத் தனியாக வருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இனி இங்கே பொதுவில் கூடுதல் விவரம் எதுவும் எழுத வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

நொய்யலின் முதல் கேள்விக்கு நம் சட்டத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

டாக்டர் ஹயாஷி சொன்னது போலீஸ்காரரிடம். இந்தியாவில் அது சாட்சியமே ஆகாது. சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது: காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. லத்திக்குப் பயந்து சொன்னதா என்று யாருக்குத் தெரியும்? அதனால் மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போக வேண்டும். அவர் போலீஸை வெளியே அனுப்பிவிட்டு, "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து, பிறகுதான் பதிவு செய்வார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 183.

ஜப்பானிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒருவருடைய ஒப்புதல் மட்டுமே சாட்சி என்றால் தண்டிக்க முடியாது என்று அவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவே சொல்கிறது. "ஆமாம், நான் செய்தேன்" என்று சொன்னவுடன் விசாரணையை மூடிவிட்டுத் தண்டனைக்குப் போகும் வழி அங்கே கொலை வழக்கில் இல்லை. ஒப்புக்கொண்டாலும் சாட்சிகளைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

இங்கே அமர்வு நீதிமன்றத்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி அதன்பேரில் தண்டிக்கலாம், அது அவர் விருப்புரிமை. கொலை வழக்கில் பெரும்பாலும் அப்படிச் செய்ய மாட்டார்கள், விசாரணை நடத்தவே செய்வார்கள். ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் மேல்முறையீட்டு உரிமையும் சுருங்கிவிடும், தண்டனையின் அளவைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். குற்ற ஒப்புதல் பேரம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அது கிடையாது. கொலைக்கு வாய்ப்பே இல்லை.

நம்மிடம் இருப்பது அப்ரூவர். உள்ளே இருந்த ஒருவருக்கு நீதிமன்றம் மன்னிப்புத் தரும், நிபந்தனை ஒன்றே ஒன்று: தெரிந்த முழு உண்மையையும் சொல்ல வேண்டும். பாதியை மறைத்தால் மன்னிப்பு போய்விடும், மறுபடி குற்றவாளிக் கூண்டுக்குப் போக வேண்டியதுதான்.

---

செங்காந்தள் எழுதியது:

அமெரிக்காவில் இருந்து எழுதுகிறேன். வக்கீல் சார் சொன்ன அந்த 'முழு உண்மை' நிபந்தனைக்கு மேன்சன் வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1969 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு இரவுகளில் ஏழு கொலைகள். சார்லஸ் மேன்சனின் கூட்டத்தில் இருந்த சூசன் அட்கின்ஸ், மரண தண்டனை கேட்க மாட்டோம் என்ற உடன்பாட்டின்பேரில் 1969 டிசம்பரில் பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) முன்பு நடந்ததைச் சொன்னார். 1970 மார்ச்சில் மேன்சனை நேரில் சந்தித்தார். சந்தித்த பிறகு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். உடன்பாடு முறிந்தது. அவர் இடத்துக்கு லிண்டா கசாபியன் வந்தார், முழுதும் சாட்சி சொன்னார், அவர்மீது வழக்கே இல்லாமல் போனது. அட்கின்ஸுக்கு 1971-இல் மரண தண்டனை. மறு வருடமே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியதால் எல்லாருக்கும் அது ஆயுளானது.

தேன்மொழி சொன்னதைப் படித்தபோது அட்கின்ஸ் நினைவுதான் வந்தது. ஒரே ஒரு சந்திப்பு. உயிர் பிழைக்கும் வழி கையில் இருந்தும் தலைவரின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

ஒஹாயோவில் இதற்கு நேர் எதிராக நடந்தது. கர்ட்லண்ட் ஊரில் ஜெஃப்ரி லண்ட்கிரன் தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு சிறு கூட்டம் நடத்தினார். 1989 ஏப்ரல் 17 அன்று, தன்னை நம்பிக் கூட வந்த ஒரு குடும்பத்தையே, கணவன் மனைவி மூன்று பெண் குழந்தைகள், பண்ணைக் கொட்டகைக்கு ஒவ்வொருவராக வரவழைத்துச் சுட்டார். கூட இருந்தவர்களில் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கிக்கொண்டு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். விசாரணையை எதிர்கொண்டு "நான் அவர் பிடியில் இருந்தேன்" என்று வாதாடிய இன்னொரு சீடருக்கு அது எடுபடவில்லை, 170 வருடம் முதல் ஆயுள் வரை கிடைத்தது. லண்ட்கிரன் 2006 அக்டோபரில் தண்டனை நிறைவேறி இறந்தார்.

இதில் என்னை உறுத்துவது, பேரத்தில் முதலில் யார் போய் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் லாபம் என்பது. முதலில் போகிறவர் மிகக் குறைவாகத் தவறு செய்தவராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

---

பாலாறு எழுதியது:

செங்காந்தள், மேன்சன் கூட்டத்து லெஸ்லி வான் ஹூட்டன் என்ற பெண் 2023-இல் வெளியே வந்துவிட்டாரே, அதையும் சொல்லுங்கள். மேல்முறையீடு, பரோல் என்று போய்ப் போய்க் கடைசியில் கதவு திறந்துவிட்டது. நான் சொல்வது இதைத்தான்.

நம் பக்கத்திலேயே சாமியார் பிரேமானந்தா வழக்கு இருக்கிறது. எத்தனை பெரிய வக்கீல், எத்தனை மேல்முறையீடு.

---

செங்காந்தள் எழுதியது:

பாலாறு ஐயா, லெஸ்லியின் மேல்முறையீட்டின் கதையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1970 நவம்பரில், அவருடைய வழக்குரைஞர் காணாமல் போனார். பிறகு சடலமாகக் கிடைத்தார். பாதி வழக்கில் புதியவர் ஒருவரை நியமித்தார்கள். சாட்சிகள் பேசியதை நேரில் பார்க்காத அந்தப் புதியவர்தான் இறுதிவாதம் செய்தார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது முறையான விசாரணை அல்ல என்று தீர்ப்பை ரத்து செய்தது. 1977-இல் மறுவிசாரணை, ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1978-இல் மூன்றாவது விசாரணை, மறுபடி குற்றவாளி, மறுபடி ஆயுள். அதன் பிறகு 2023 ஜூலை வரை உள்ளேதான் இருந்தார். கொலை நடந்தபோது வயது 19, வெளியே வந்தபோது 73.

மேல்முறையீட்டால் அவர் தப்பவில்லை. முறையாக விசாரிக்கப்பட்டார், அவ்வளவுதான்.

---

வைகைக்கரை எழுதியது:

பிரேமானந்தா வழக்கைப் பாலாறு சரியாகவே நினைவுபடுத்தினார், ஆனால் முடிவை மறந்துவிட்டார்.

இலங்கையின் மாத்தளையில் ஆசிரமம் நடத்தியவர், 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து விராலிமலை அருகே ஃபாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தார். 1994 நவம்பரில் கைது. 1997 ஆகஸ்ட் 20 அன்று புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி பானுமதி தீர்ப்பளித்தார். ஆசிரமத்துப் பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமைக்கும், ஆசிரமத்தில் தங்கியிருந்த இலங்கைப் பொறியாளர் ஒருவரின் கொலைக்கும் இரட்டை ஆயுள். ராம் ஜெத்மலானி வாதாடினார். 2002-இல் உயர் நீதிமன்றமும், 2005 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. 2011-இல் கைதியாகவே இறந்தார். ஆக, இரண்டு மேல்முறையீடும் அவரைக் காப்பாற்றவில்லை. மாறாக, இத்தனை பெரிய வக்கீல் வாதாடியும் நின்ற தீர்ப்பு என்று இன்றைக்கு யாரும் அதைச் சந்தேகப்பட முடியாமல் செய்தன.

சட்டக்காரனுக்கு மட்டும் பிடிக்கும் ஒரு தகவலும் உண்டு. அந்த இரண்டு ஆயுளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்பதையும் 2005 தீர்ப்பு ஏற்றது. 2016-இல் முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அது சரியல்ல என்றது. ஒரு மனிதனுக்கு ஒரு ஆயுள்தான், இரண்டாவது ஆயுளை எங்கிருந்து தொடங்குவது என்பதே அடிப்படை. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

மேல்முறையீடு எதிர்ப்பக்கமும் வெட்டும். ஹரியானா சாமியார் குர்மீத் ராம் ரஹீமின் ஆசிரம மேலாளர் கொலை வழக்கில் 2021-இல் சி.பி.ஐ. நீதிமன்றம் அவர் உட்பட ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2024 மே மாதம் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் விசாரணையின் குறைகளைச் சொல்லி ஐந்து பேரையும் விடுவித்தது. கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் ஒழுங்காகக் கட்டப்படவில்லை என்றால் மேலே இடிந்துவிடும். குறை சொல்ல வேண்டியது விசாரித்த விதத்தை.

---

கவாசாகிவாசி எழுதியது:

வக்கீல் சார் 'எதிர்ப்பக்கமும் வெட்டும்' என்றதும் இனோவே நினைவுக்கு வருகிறார்.

யோஷிஹிரோ இனோவே பள்ளி மாணவனாக இருக்கும்போதே ஓம் அமைப்பில் சேர்ந்தவர். சுரங்க ரயில் தாக்குதலில் ஒருங்கிணைக்கும் வேலை பார்த்தவர். நீதிமன்றத்தில் அசஹாராவுக்கு எதிராக விரிவாகச் சாட்சி சொன்னார். 2000 ஜூனில் ஆயுள் தண்டனை. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2004 மே மாதம் டோக்கியோ உயர் நீதிமன்றம் அதைத் தூக்காக மாற்றியது. 2009 டிசம்பரில் உறுதியானது. 2018-இல் மறுவிசாரணை கேட்டு மனு போட்டிருந்தார். அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே ஜூலை 6 அன்று தண்டனையை நிறைவேற்றினார்கள்.

இப்போது பாலாறு அண்ணாவுக்கு ஒரு தகவல். 'மேல்முறையீடு என்று இழுத்தார்கள்' என்றீர்கள். அசஹாரா வழக்கில் மேல்முறையீட்டு விசாரணை ஒரு நாள்கூட நடக்கவில்லை.

1996 ஏப்ரலில் தொடங்கிய முதல் விசாரணை 257 அமர்வுகள் நடந்து, 2004 பிப்ரவரி 27 அன்று தூக்கு என்று முடிந்தது. 13 வழக்குகள், 27 சாவுகள். மேல்முறையீடு பதிவானது. புதிய வழக்குரைஞர்கள் அவரைச் சந்தித்தால் அவர் பேசுவதில்லை, புரியாமல் எதையோ முணுமுணுப்பார். அவருக்கு வழக்கை நடத்தும் மனநிலை இல்லை, முதலில் அதை முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, மேல்முறையீட்டுக் காரணங்கள் எழுதிய மனுவை 2005 ஆகஸ்ட் கெடுவுக்குள் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் அனுப்பிய மனநல மருத்துவர் அவருக்குத் தகுதி உண்டு என்று அறிக்கை கொடுத்தார். சரி, 2006 மார்ச் 28 அன்று கொடுத்துவிடுகிறோம் என்று வழக்குரைஞர்கள் சொன்னார்கள். மார்ச் 27 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒரு நாள் முன்னதாக. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முடிந்தது.

இங்கே இதைப் பற்றி இரண்டு கருத்தும் உண்டு. கெடு தாண்டிப் பல மாதம் பொறுத்தார்கள், வழக்குரைஞர்கள் விளையாடினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வழக்குரைஞர்கள்மீது வழக்குரைஞர் சங்கமே பிறகு ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. எனக்கு மனம் ஆறவில்லை. ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு அந்த ஆளிடமிருந்து பதில் வரும் என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேர். இரண்டாவது விசாரணையிலாவது பேசுவானா என்று இருந்தார்கள். ஒரு தேதிக் கணக்கில் அது போய்விட்டது.

---

நொய்யல் எழுதியது:

தூக்குத் தண்டனை ஒரு கெடு தவறியதால் உறுதியாகுமா? வக்கீல் சார், இங்கே அப்படி நடக்குமா?

---

வைகைக்கரை எழுதியது:

நடக்காது. இங்கே அமர்வு நீதிமன்றம் தூக்கு கொடுத்தால், அந்தக் கைதி மேல்முறையீடே செய்யாவிட்டாலும், "எனக்குத் தூக்குதான் வேண்டும்" என்றே சொன்னாலும், வழக்கு தானாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பழைய சட்டத்தில் 366, புதியதில் 407. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. உறுதி செய்வது என்றால் கையெழுத்துப் போடுவது அல்ல, சாட்சியம் முழுவதையும் இரண்டு நீதிபதிகள் புதிதாகப் படித்துப் பார்ப்பது. வக்கீல் தவறவிட்டாலும் சட்டம் தவறவிடாது. ஜப்பானில் இந்தத் தானியங்கி மேல்முறையீடு இல்லை. கொண்டுவரச் சொல்லி ஐ.நா. மனித உரிமைக் குழு கேட்டும் வரவில்லை.

இனோவேக்கு நடந்தது மட்டும் இங்கேயும் நடக்கலாம். தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

---

பாலாறு எழுதியது:

கவாசாகி தம்பி சொன்ன ஒரு நாள் கணக்கு எனக்குத் தெரியாது. 23 வருடமும் மேல்முறையீட்டில் போனது என்றே நினைத்திருந்தேன். அந்த அளவில் என் முதல் பதிவில் எழுதியது தவறு.

டாக்டரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அவர் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் மற்றவர்கள் இன்னும் எத்தனை நாள் வெளியே இருந்திருப்பார்கள், இன்னும் எத்தனை பை குத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

தேன்மொழி, உன் அத்தையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் தவறாக நினைக்கவில்லை அம்மா.

---

வைகைக்கரை எழுதியது:

தேன்மொழி, இப்போது உங்களுக்கு.

கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. 20 வருடம் ஆனாலும் 30 வருடம் ஆனாலும் புகார் கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம். பொதுவில் விவரம் எழுத வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்: அன்றைக்கு உங்கள் அத்தை வெறுமனே பார்த்தாரா, அல்லது சொன்னதைச் செய்து ஏதாவது அப்புறப்படுத்தினாரா, கழுவினாரா என்பது எனக்குத் தெரியாது. தடயத்தை அழிக்க உதவுவது தனிக் குற்றம். கொலையை மறைக்க என்றால் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அதனால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு வழக்குரைஞரிடம் உட்கார்ந்து முழுதும் பேசட்டும். பிறகு சாட்சியாகவா, மன்னிப்புக் கேட்டு அப்ரூவராகவா என்று முடிவு செய்யலாம். வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன்பு ஆகட்டும். வயது என்ன அவருக்கு?

---

தேன்மொழி_க எழுதியது:

71.

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஜப்பான் பெயர்கள் எதுவும் அவருக்கு மனதில் நிற்கவில்லை. அந்த டாக்டரை மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். சைக்கிளுக்காகவா பிடித்தார்கள், அடிக்கவே இல்லையா என்று.

அடிக்கவில்லை, டாக்டர் என்று மரியாதையாகப் பேசினார்களாம் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைக்கப் போகும்போது, "என்னையும் அப்படிக் கேட்பார்களா?" என்றார்.

---

வைகைக்கரை எழுதியது:

நான் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். எந்த மாவட்டம் என்பதை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.